பழைய புகைபிடிக்கும் பைப்புக்கு விலை மதிப்பிடுவது எப்படி

என் அப்பா கும்பகோணத்தில் நகைப் பட்டறை வைத்திருந்தார். யாராவது பழைய நகையைக் கொண்டுவந்தால் உடனே தராசில் வைக்க மாட்டார். முதலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கொக்கி மாற்றியதா, பற்றவைத்த இடம் எங்கே, முத்திரை தேய்ந்திருக்கிறதா என்று. எடையெல்லாம் அப்புறம்தான். நான் லண்டனுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெர்மாண்ட்சி சந்தையில் பழைய புகைபிடிக்கும் பைப்புகளைக் கையில் எடுக்கும்போது அப்பாவிடம் பார்த்துப் பழகியதுதான் எனக்குக் கைகொடுக்கிறது. நான் புகைப்பதில்லை. மரவேலைக்காகவும் வெள்ளி வேலைக்காகவும்தான் சேர்க்கிறேன்.

இந்த வட்டாரத்தில் 'எஸ்டேட் பைப்' என்று சொல்வார்கள். நம் காதுக்கு அது தேயிலைத் தோட்டம் போலக் கேட்கும். ஆனால் இங்கே எஸ்டேட் என்பது ஒருவர் இறந்தபின் விட்டுச்சென்ற உடைமை. இப்போது ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த எந்த பைப்புக்கும் அந்தப் பெயர்தான்.

தங்க நகையை உருக்கினாலும் ஒரு விலை உண்டு. பைப்புக்கு அது கிடையாது. நல்ல பைப்புகளில் பெரும்பாலானவை பிரையர் கட்டையில் செய்தவை. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேர் முண்டு அது. சூட்டைத் தாங்கும், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் கட்டையாக அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆக, நீங்கள் கொடுக்கும் பணம் முழுக்கச் செய்கூலி. அதிலிருந்து சேதாரத்தைக் கழித்தால் விலை வந்துவிடும். அழுக்கைச் சேதாரத்தில் சேர்க்காதீர்கள், அது துடைத்தால் போய்விடும். போனால் திரும்பி வராதது எதுவோ அதற்குத்தான் கழிக்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்குதான்.

சந்தைக்குப் போகும்போது பையில் நான்கு பொருள் இருந்தால் போதும். ஒரு சின்ன டார்ச், பத்து மடங்கு லென்ஸ், மென்மையான துணி, நாலைந்து பைப் கிளீனர், அதாவது பஞ்சு சுற்றிய கம்பி. டார்ச் முக்கியம். விடிவதற்கு முன் மேசை விளக்கில் எல்லா மரமும் அழகாகத்தான் தெரியும்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். புகையிலை நிரப்பும் கிண்ணத்திலிருந்து வாய்ப்பக்கம் நீளும் கழுத்தில்தான் அது இருக்கும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழும்பும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் அந்த பைப்பை யாரும் மெஷினில் அளவுக்கு மீறித் தேய்க்கவில்லை. பளபளவென்று மின்னி, எழுத்து மட்டும் மங்கி இருந்தால் பாலிஷ் சக்கரம் ஒரு தோலை உரித்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். அப்பா சொல்வார், பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் நகை கொஞ்சம் இளைக்கிறது என்று. மரமும் அப்படித்தான். முத்திரை பாதி போன பைப்புக்கு நான் பாதி விலைக்கு மேல் தருவதில்லை.

முத்திரை வயதையும் சொல்லும். டன்ஹில் இதில் நல்ல பள்ளிக்கூடம். ஆல்பிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். சில வருடத்தில் பைப்பும் செய்ய ஆரம்பித்தார். வாயில் வைக்கும் ஊதுகுழலின் மேலே இருக்கும் வெள்ளைப் புள்ளிதான் அடையாளம். குழலை எந்தப் பக்கம் மேலே வைத்துச் செருகுவது என்று தெரிவதற்காக அதைப் பதித்தார்கள். கழுத்தில் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்பதன் கடைசி எழுத்தை ஒட்டி ஒரு சின்ன எண் இருக்கும். பழைய பைப்பில் அது 11 அல்லது அதற்கு மேற்பட்ட இரட்டை இலக்கமாக இருந்தால் 1960உடன் கூட்டிக்கொள்ளுங்கள். 12 என்றால் 1972, 20 என்றால் 1980. ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அதே எண் வேறுவேறு பத்தாண்டுகளில் வந்திருக்கிறது. காப்புரிமை எண் இருக்கிறதா, எண்ணின் அளவு என்ன என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வட்டத்துக்குள் 1 முதல் 6 வரை ஒரு எண் இருந்தால் அது கிண்ணத்தின் அளவு. பக்கத்தில் எஸ் என்றால் ஷெல், அதாவது மணலைப் பீய்ச்சி மேற்பரப்பைக் கரடாக்கியது. ஏ என்றால் புரூயர், ஆர் என்றால் ரூட், இரண்டும் வழவழப்பான வகைகள். 'டிஆர்' என்று இருந்தால் நேர்வரி ஓடும் மரம், விலை ஒரேயடியாக ஏறிவிடும்.

மற்ற கம்பெனிப் பெயர்களுக்கும் இப்படி ஒவ்வொரு தடயம் உண்டு. டப்ளினில் செய்த பீட்டர்சனில் 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாண்ட்' என்று இருந்தால் 1949க்கு முன் செய்ததாக இருக்க முடியாது. கோமாய் பைப்பின் ஊதுகுழலில் இருக்கும் சி எழுத்தை லென்ஸில் பாருங்கள். பழையதில் மூன்று துண்டுகளைத் துளைத்துப் பதித்திருப்பார்கள். பிற்காலத்தியதில் அந்த வேலைப்பாடு இருக்காது. சசேனியில் நாலு நீலப் புள்ளி. பார்லிங் என்றால் குடும்பத்தின் கையில் இருந்த காலத்துப் பைப்புகளுக்குத்தான் மவுசு, அறுபதுகளில் கை மாறியபின் செய்தவை அந்த விலைக்கு வராது.

வெள்ளி வளையம் இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். அதன் முத்திரையில் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். கூடவே ஒரு ஆண்டெழுத்து. அதை வைத்து வெள்ளி சோதிக்கப்பட்ட வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். செய்தவரின் எழுத்தும் பக்கத்தில் இருக்க வேண்டும், பார்லிங்கில் அது ஈபி, டபிள்யூபி.

முத்திரையே இல்லாத வளையம் என்றால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். நான் ஒருமுறை யோசிக்கவில்லை. நல்ல வரியோடிய பழைய லண்டன் பைப், கழுத்தில் மெல்லிய வளையம், 140 பவுண்டு. விற்றவர் எல்லாம் அசல் என்றார். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது வளையம் கையோடு நகர்ந்தது. அடியில் தலைமுடி போல ஒரு விரிசல், 8 மில்லிமீட்டர் நீளம். அதை மறைக்கத்தான் வளையமே மாட்டியிருக்கிறார்கள். வெள்ளி கூட இல்லை, நிக்கல். புகைக்கிற ஆளுக்கு அது இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் சேர்ப்பவருக்கு அது குறைப்பட்ட பொருள். உண்மையைச் சொல்லி 35 பவுண்டுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஊதுகுழலைக் கழற்றிக் கழுத்தின் வாய்க்குள் டார்ச் அடிக்காமல் நான் பணம் எடுப்பதில்லை. கழற்றுவதற்கு முன் விற்பவரிடம் கேளுங்கள். இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். பலவந்தமாகத் திருகினால் விரிசல் உங்கள் கையில் விழும்.

அடுத்து ஊதுகுழல். அசல்தானா என்பதே கேள்வி. கழுத்தும் குழலும் சேரும் இடத்தில் நகத்தால் இழுத்துப் பாருங்கள், தட்டுப்படக் கூடாது. மாற்றுக் குழல் என்றால் படி தெரியும் அல்லது அடையாளக் குறி இருக்காது. அப்படியானால் பாதி விலையை மறந்துவிடலாம். குழல் பச்சையும் பழுப்புமாக இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது வல்கனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயில் பட்டால் நிறம் மாறும், தேய்த்தால் போகும். லேசான பல் தடமும் சரிசெய்யக் கூடியதுதான். கடித்துத் துளை விழுந்திருந்தால் வேண்டாம்.

கிண்ணத்தின் உள்ளே கரி படிந்திருக்கும். 1 மில்லிமீட்டர் அளவு இருந்தால் நல்லதுதான். தடித்துப் போயிருந்தால் அது பின்னால் எதையோ மறைக்கலாம். வெளிப்பக்கத்தில் ஒரே இடத்தில் மட்டும் கருத்த திட்டு தெரிந்தால், உள்ளே மரம் எரிந்து மெலிந்திருக்க வாய்ப்புண்டு. விளிம்பு எங்கேயாவது உள்வாங்கியிருக்கிறதா, வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். விளிம்பின் கருகலைப் போக்க உப்புத்தாளில் தேய்த்து உயரத்தையே குறைத்துவிடுவோர் உண்டு. ஷெல் வகையில் இது உடனே மாட்டிக்கொள்ளும், சுற்றிலும் கரடாக இருக்க, உச்சி மட்டும் வழவழப்பாக இருக்கும்.

தரத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பைப் கிளீனரை வாய்ப்பக்கமிருந்து செருகுங்கள். தடங்கல் இல்லாமல் ஓடி, கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடு மத்தியில் தலை நீட்ட வேண்டும். ஒரு பக்கமாக வந்தாலோ அடியிலிருந்து எழும்பி வந்தாலோ துளையிட்டவர் கை சரியில்லை. பீட்டர்சன் சிஸ்டம் பைப்பில் கழுத்துக்குள் ஈரம் தங்க ஒரு குழி உண்டு, அதில் கம்பி முட்டி நிற்கலாம், அது குறையல்ல. வழவழப்பான பைப்பில் பொட்டுப் பொட்டாகச் சாந்து அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தில் இருந்த குழியை அப்படித்தான் நிரப்புவார்கள். விலை உயர்ந்த பெயரில் அது இருக்கக் கூடாது.

கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் நடக்கும் சந்தையில் ஒரு டன்ஹில் ஷெல் கிடைத்தது. அளவு 4, எண் 12. விளிம்பு முழுக்கத் தார் போலக் கருப்பு, குழல் பாசி நிறம், வெள்ளைப் புள்ளி மஞ்சளாகியிருந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது, அதனால் நாலு பேர் எடுத்து எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பல்குச்சி முனையை ஈரமாக்கி விளிம்பில் ஒரு மூலையைச் சுரண்டினேன். கருப்புக்கு அடியில் மணல் வெட்டிய மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. முத்திரை கூர்மை, கழுத்துக்குள் சுத்தம், கம்பி நடுவில் வந்தது. சேதாரம் என்று கழிக்க இரண்டு பல் தடம்தான். 180 கேட்டார், 120க்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தேன். புள்ளியின் மேல் வாஸலின் தடவிவிட்டுத்தான், பாசி நிறம் போகக் குழலை ஊறவைக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

விலை என்று என் கண்ணில் படுவது இது. நல்ல நிலையில் உள்ள சாதாரண பீட்டர்சன் அல்லது டென்மார்க்கின் ஸ்டான்வெல், 40 முதல் 80 பவுண்டு. அறுபது எழுபதுகளின் டன்ஹில் ஷெல், 150 முதல் 250. குடும்பக் காலத்துப் பார்லிங் 100இல் தொடங்கி மேலே போகும். சிக்ஸ்டன் இவார்சன், போ நோர்டு போன்றோர் தனியாளாகச் செய்தவை ஆயிரக்கணக்கில் போகும், அவற்றை முழு வரலாறு இல்லாமல் வாங்காதீர்கள். கடைக்காரர் சுத்தம் செய்து வைத்திருந்தால் மேலே 30, 40 கேட்பார். அது நியாயம்தான், அவர் உழைப்பு. ஆனால் பட்டியலில் இருக்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கிற விலைக்கும் போன விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும்.

வாங்கியதும் வெயில் படாத இழுப்பறையில் வையுங்கள். நான் ஒவ்வொன்றோடும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன். எந்த நாள், எந்தச் சந்தை, என்ன கொடுத்தேன், எங்கே குறை, நான் எதைத் தொட்டுச் சரிசெய்தேன் என்று. அந்த 35 பவுண்டு பைப்பின் சீட்டில் "வளையத்துக்கு அடியில் விரிசல், 8 மி.மீ." என்று எழுதி, வாங்கியவர் கையில் கொடுத்துத்தான் அனுப்பினேன்.