நேரலை அழைப்பில் நையாண்டி: புதிய அறிவிப்பாளர்களுக்கு

வானொலி நேரலையில் அழைப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. அவருடைய குரலும் உங்களுக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. சாதாரணத் தரத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்துவதால், எள்ளலை உணர்த்தும் மூச்சொலியும் அடக்கிய சிரிப்பும் வழியிலேயே மங்கிவிடுகின்றன. ஆகவே "ரொம்ப நல்ல சேவைங்க" என்று ஒருவர் சொன்னால், அது பாராட்டா குத்தலா என்று குரலை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், "அப்படி என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். குத்தலாக இருந்தால், "தண்ணிதான் வரல, வரி ரசீது சரியா வருது" என்று அவரே அவிழ்த்துவிடுவார்.

எதை எள்ளலாம் என்பது ஒலிபரப்பின் எல்லையைப் பொறுத்தது. 2004இல் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலிகள் சில கிலோமீட்டர் சுற்றளவுக்கே கேட்கும். அங்கே மழைக்கு மறுநாள் "நம்ம தெருவுல படகு விட ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், விளக்கம் இல்லாமலே நேயர்கள் சிரிப்பார்கள். மாநிலம் முழுதும் கேட்கும் அலைவரிசையிலோ, அதே கேள்வி பலருக்கு விளங்காமலும், வெள்ளத்தில் பொருள் இழந்தவருக்கு அவமதிப்பாகவும் போய்ச் சேரும். "நம்ம" என்பதை "உங்க" என்று மாற்றிவிட்டாலோ, குளிரூட்டிய அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பவராக நீங்கள் ஆகிவிடுவீர்கள். அந்தத் தண்ணீரில் நடக்காமலே "நம்ம" என்று சொல்லவும் வேண்டாம், "நீங்க எந்த ஏரியா சார்?" என்ற ஒரே கேள்வியில் குட்டு உடைந்துவிடும்.

அழைப்பவரின் "ஏனுங்க"வையும் "ஏலே"வையும் அறிவிப்பாளரே பேசிக்காட்டிக் கேலி செய்வது பரவலான பழக்கம்தான் என்றாலும், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரே தம் ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்தால் சேர்ந்து சிரிக்கலாம், ஆனால் தொடக்கம் உங்களுடையதாக இருக்கக் கூடாது. "வாங்க பெரியவரே, நேரத்தோட வந்துட்டீங்க" என்ற மிகை மரியாதைகூட, "என்ன தம்பி, இன்னைக்காவது நான் கேட்ட பாட்டைப் போடுவீங்களா?" என்று உங்களையே வாரிவிடும் நெடுநாள் நேயரிடம்தான் செல்லும்.

கேலி செய்தபின் இரண்டு விநாடி பேசாமல் இருங்கள். கைப்பேசியில் குரல் சற்றுத் தாமதித்தே வருவதால், நீங்களே சிரித்து நீங்களே அடுத்ததற்குத் தாவினால், அவர் திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் போகும். பதில் "ஓ... சரிங்க" என்று சுருங்கிவிட்டால், "சும்மா விளையாட்டுக்கு" என்று சமாளிக்காமல், அவர் அழைத்த காரணத்துக்கு நேராகத் திரும்புங்கள். இணைப்பு முடிந்ததும் அடுத்த நேயரிடம் அவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் வீட்டு வானொலி இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கும்.