கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: கலிபோர்னியாவில் டிரான்ஸ்ஃபர் படிப்பைத் திட்டமிடும் வழி

"கம்யூனிட்டி காலேஜா?" என்று கேட்கும்போதே நம்மவர்கள் பலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. கலிபோர்னியாவைப் பொறுத்தவரை அதற்கு நியாயமே இல்லை. 1960இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே, முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் போவது ஒரு முறையான பாதை. இன்று 116 கல்லூரிகள் இருக்கின்றன. யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், இப்படி நடுவில் வந்து சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களைச் சேர்க்கும்போது இந்தக் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கே முதல் முன்னுரிமை தருகிறது. பெர்க்லியில் பட்டம் வாங்கும்போது சான்றிதழில் பெர்க்லி என்றுதான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தீர்கள் என்பது அதில் வராது.

ஆனால் இந்தப் பாதையில் யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போக மாட்டார்கள். நல்ல மதிப்பெண்ணோடு 60 யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) முடித்த பிள்ளைகள்கூட, வேண்டிய ஒரு பாடம் இல்லாததால் ஓராண்டு கூடுதலாகப் படிப்பதுண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்திருப்பார்கள். பல்கலைக்கழகமோ நீங்கள் படித்த பாடங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கும். அதனால் கீழே சொல்லும் எல்லாமே போக வேண்டிய இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறது.

படி 1: எங்கே, என்ன படிக்கப் போகிறீர்கள்?

மூன்று நான்கு வளாகங்கள், ஒன்றோ இரண்டோ மேஜர், அதாவது முதன்மைத் துறை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் இந்த அளவுக்காவது முடிவெடுத்துவிடுங்கள். பிறகு மாற்றலாம், தப்பில்லை. மேஜர் தெரியாமலே இரண்டு ஆண்டு படித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது பள்ளியிலிருந்து நேரே யூசிக்குப் போகும் மாணவருக்குப் பொருந்தலாம். டிரான்ஸ்ஃபர் மாணவர் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைபவர். அந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டுத்தான் வருகிறாரா என்று பார்ப்பார்கள்.

இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யூசிக்கு இளநிலைப் படிப்பு உள்ள வளாகங்கள் ஒன்பது: பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா, சான்டா குரூஸ், ரிவர்சைட், மெர்சட். கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி தனி அமைப்பு. சான் ஹோசே ஸ்டேட், லாங் பீச், ஃபுல்லர்டன் எல்லாம் அதில் வரும். இரண்டுக்கும் விதிகள் வேறு, விண்ணப்பமும் வேறு.

படி 2: அசிஸ்ட் தளத்தைத் திறந்து பாடத்துக்குப் பாடம் பாருங்கள்

இந்தப் படிதான் முக்கியம். மற்றதைத் தள்ளிப்போட்டாலும் இதை இன்றே செய்யுங்கள். அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது மாநிலத்தின் அதிகாரபூர்வத் தளம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்ற ஒப்பந்தங்கள் அதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக வேண்டிய வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்தபின் மேஜரைச் சொடுக்கினால் இரண்டு பத்திகளாக ஒரு பக்கம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலது பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

இடது பக்கம் ஒரே ஒரு பாடம் இருக்க, வலது பக்கம் இரண்டு பாடங்கள் "அண்ட்" போட்டு இணைக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடு. பாதியில் நிறுத்தினால் அந்த வரி காலியாகவே நிற்கும். அடுத்தது, வலது பக்கத்தில் ஈடான பாடமே இல்லை என்று எழுதியிருக்கலாம். அப்படியென்றால் பக்கத்துக் கல்லூரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கம்யூனிட்டி காலேஜில் படிக்கத் தடையில்லை, பலரும் செய்கிறார்கள். மூன்றாவது, பக்கத்தின் தலையில் சிறிய எழுத்தில் வரும் குறிப்புகள். குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி கிரேடு), எந்தப் பாடம் கட்டாயம், எது செய்தால் நல்லது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பலரும் அதைத் தாண்டி நேராகப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் நினைத்திருக்கும் வளாகங்கள் எல்லாவற்றுக்கும் இப்படிப் பார்த்து ஒரே தாளில் எழுதுங்கள். எல்லோரும் பொதுவாகக் கேட்கும் பாடங்கள் எவை என்று உடனே தெரிந்துவிடும். அவற்றில்தான் தொடங்க வேண்டும்.

படி 3: எந்தப் பட்டம்?

பெரும்பாலான கல்லூரிகளில் லிபரல் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸஸ் அல்லது அதைப் போன்ற பெயரில் அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுப் பட்டம் ஒன்று இருக்கும். எந்தத் துறையானாலும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள், ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது 18 யூனிட், எல்லாம் சேர்த்து 60 யூனிட் என்பது அதன் அமைப்பு. கலை, ஹியூமானிட்டீஸ் (இலக்கியம், தத்துவம் போன்றவை), சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்று பிரிவு மாறும். பல துறைகளைத் தொட்டுப் பார்க்க விரும்புபவருக்கும், வேலைக்கு நடுவே திரும்பிப் படிக்க வருபவருக்கும் அது நல்ல பட்டம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டால் யூசியிலோ கால் ஸ்டேட்டிலோ இடம் உறுதி என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி ஒரு உறுதியும் அதில் கிடையாது.

உறுதி உள்ள பட்டம் வேறு. 2010இல் வந்த சட்டத்தின்படி உருவான டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் அது, சுருக்கமாக ஏடிடி. உளவியல், சமூகவியல், பொருளாதாரம், வரலாறு, கணிதம், உயிரியல் எனத் துறைவாரியாக இருக்கும். இதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம் முடியும். நீங்கள் விரும்பும் வளாகமே கிடைக்கும் என்று பொருளில்லை, அதைக் கவனியுங்கள்.

ஏடிடி எடுத்தால் யூசிக்கும் சேர்த்து எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. பொருளாதாரத்தையே பாருங்கள். ஏடிடியின் கட்டாயப் பாடங்களில் மேக்ரோ, மைக்ரோ பொருளாதாரம், புள்ளியியல், ஒரே ஒரு கால்குலஸ்தான் வரும். யூசி வளாகங்களில் பொருளாதார மேஜருக்குப் பெரும்பாலும் இரண்டு கால்குலஸ் பாடங்கள் கேட்பார்கள். அந்த இரண்டாவது கால்குலஸை எடுக்காமல் ஏடிடியைக் கையில் வைத்துக்கொண்டு யூசிக்கு விண்ணப்பித்தால் பின்னால் நிற்க வேண்டியதுதான். யூசிக்கு அசோசியேட் பட்டமே கட்டாயம் இல்லை. பாடங்கள்தான் கட்டாயம்.

படி 4: பொதுக்கல்விப் பாடங்கள்

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் ஒரே பட்டியல். அதன் பெயர் கால்-கெட்சி. குறைந்தது 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, மேடைப்பேச்சு மூன்றும் சேர்த்து 9. கணிதம் 3. கலையும் ஹியூமானிட்டீஸும் 6. சமூக அறிவியல் 6. இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் ஒன்று, உயிரியல் சார்ந்த ஒன்று, அவற்றோடு ஒரு ஆய்வகம் என 7. இனக்குழுக்களைப் பற்றிய எத்னிக் ஸ்டடீஸ் 3. ஒவ்வொன்றிலும் சி கிரேடாவது வாங்க வேண்டும்.

மேஜருக்கு எப்படியும் எடுக்க வேண்டிய பாடம் பல நேரம் இந்தப் பட்டியலிலும் ஒரு கட்டத்தை நிரப்பும். மேக்ரோ எடுத்தால் சமூக அறிவியலில் ஒன்று முடிந்தது. புள்ளியியல் எடுத்தால் கணிதம் முடிந்தது. மேல்நிலைப் பள்ளியில் எழுதிய, கல்லூரி அளவிலான ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவும் சில கட்டங்களை நிரப்பும். அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள்.

பொறியியல், இயற்பியல், வேதியியல் பக்கம் போகிறவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு மேஜர் பாடங்களே மலைபோல் இருக்கும். கால்குலஸ் வரிசை, இயற்பியல் வரிசை முதலில். பொதுக்கல்வியில் மிச்சம் இருப்பதைப் போன பிறகு பார்க்கலாம்.

படி 5: செமஸ்டர் வாரியாகப் போடுங்கள்

முதல் ஆண்டிலேயே ஆங்கிலமும் கணிதமும் முடிந்துவிட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எழுத்துப் பயிற்சி எல்லாப் பாடத்துக்கும் தேவை. கணிதம் ஒன்றன்பின் ஒன்றாக வருவது, ஒரு செமஸ்டர் தள்ளினால் பின்னால் உள்ள எல்லாமே தள்ளிப்போகும். பொருளாதாரம் படிக்க நினைப்பவரின் முதல் செமஸ்டர் இப்படி இருக்கலாம்: ஆங்கிலக் கட்டுரை, கால்குலஸ் அல்லது அதற்கு முந்தைய கணிதம், மேக்ரோ, எத்னிக் ஸ்டடீஸ். சுமார் 14 யூனிட். வேலையும் பார்ப்பவர் இரண்டு பாடத்தோடு தொடங்கலாம். அவசரப்பட்டு ஐந்து எடுத்து இரண்டைக் கைவிட்டால் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்டில், பாடத்தைக் கைவிட்டதன் அடையாளமாக டபிள்யூ விழும்.

பாட எண்கள் கல்லூரிக்குக் கல்லூரி வேறாக இருந்த சிக்கல் இப்போது குறைந்துவருகிறது. 2025 முதல் ஆங்கிலக் கட்டுரைக்கு எல்லாக் கல்லூரியிலும் இங்கிலிஷ் சி1000, புள்ளியியலுக்கு ஸ்டாட் சி1000 என்று பொது எண் வரத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்று, குபெர்டினோவில் உள்ள டி ஆன்சா போன்ற சில கல்லூரிகள் குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. அங்கே 60 யூனிட்டுக்குப் பதில் 90 என்று கணக்குப் போடுங்கள்.

திட்டத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கவுன்சலரைப் பாருங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். எழுதிக்கொண்டு போனால் "இந்தப் பாடம் வசந்தத்தில் மட்டும்தான் நடக்கும்" போன்ற தகவல் கிடைக்கும், அதுதான் வேண்டும். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் நேரம் கிடைக்காது, இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

படி 6: பணமும் விசாவும்

கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. யூசியில் ஓராண்டுக் கட்டணமே 15,000 டாலரை ஒட்டி வரும். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். வருமானத்தைப் பொறுத்து அந்த 46 டாலரும் தள்ளுபடியாகலாம்.

நம் வீடுகளில் அதிகம் வரும் கேள்வி எச்-4 பிள்ளைகளைப் பற்றியது, அதாவது எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் பிள்ளைகள். எச்-4இல் இருப்பவர் கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாம். ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் நிலையாக வாழ்ந்து அதற்கான சான்றுகளைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணமே கிடைக்க வழி உண்டு. மாணவர் விசாவான எஃப்-1இல் வருபவருக்கு அந்த வழி இல்லை, வெளியாள் கட்டணம்தான். தவிர அவர் செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தாக வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் சேரும். எச்-4 பிள்ளைக்கு 21 வயது ஆகும்போது விசா நிலை மாறும். அந்த நாள் இரண்டாண்டுத் திட்டத்தின் நடுவில் விழுகிறதா என்று முதலிலேயே நாள்காட்டியில் பாருங்கள்.

பள்ளியில் படிக்கும்போதே ஒன்றிரண்டு கல்லூரிப் பாடம் எடுக்கவும் முடியும், பெரும்பாலும் கட்டணம் இல்லாமலே. நல்ல வாய்ப்புதான். ஆனால் அந்த கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், அதனால் பிள்ளை தயார் என்றால் மட்டும்.

படி 7: விண்ணப்ப ஆண்டு

டிரான்ஸ்ஃபருக்கு முந்தைய செப்டம்பரில் தொடங்குகிறது. 1 முதல் 30 வரை டேக் எனப்படும் உத்தரவாத விண்ணப்பம். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். சொன்ன ஜிபிஏவும் பாடங்களும் இருந்தால் அங்கே இடம் உறுதி. இர்வைனும் சான்டா பார்பராவும் 3.4 கேட்டு வந்திருக்கின்றன, மற்ற வளாகங்களின் அளவு வேறு. எல்லா மேஜருக்கும் டேக் கிடையாது. சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி இதில் இல்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் டேக்கே இல்லை. தகுதி இருந்தும் டேக் போடாமல் விடுவது வருத்தமான விஷயம், ஏனென்றால் அதற்குக் கட்டணம்கூட இல்லை.

டேக் போட்டாலும் அக்டோபர், நவம்பரில் யூசி பொது விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும். கால் ஸ்டேட் விண்ணப்பமும் அதே காலத்தில்தான். படித்த எல்லாக் கல்லூரியையும் குறிப்பிடுங்கள். கோடையில் எடுத்த ஒரே பாடமானாலும், சரியாகப் போகாத பாடமானாலும் மறைக்கக் கூடாது. ஜனவரியில் இலையுதிர் கிரேடுகளைப் பதிந்து, வசந்தப் பாடங்களை உறுதிசெய்யும் ஒரு படிவம் யூசியிலிருந்து வரும். அதையும் நிரப்பியாக வேண்டும்.

படி 8: இடம் கிடைத்த பிறகு

யூசி முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும். ஜூன் 1க்குள் சேர்வதாகச் சொல்ல வேண்டும். கிடைத்திருப்பது நிபந்தனையோடு கூடிய இடம். வசந்தத்தில் எடுப்பதாகச் சொன்ன பாடத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த இடமே பறிபோகலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிவிட்டு மாற்றுங்கள்.

கல்லூரியிடமிருந்து மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: அசோசியேட் பட்டத்துக்கான விண்ணப்பம், கால்-கெட்சி முடித்ததற்கான சான்று, இறுதி டிரான்ஸ்கிரிப்ட். தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பட்டத்துக்கான கெடு பெரும்பாலும் கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே வந்துவிடும். கால்-கெட்சி சான்று போகவில்லை என்றால், முடித்த பொதுக்கல்விப் பாடங்களுக்கு மேல் அந்த வளாகத்தின் சொந்தப் பட்டியலையும் செய்யச் சொல்வார்கள். டிரான்ஸ்கிரிப்ட்டை வசந்த கிரேடுகள் ஏறிய பிறகு அனுப்புங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் படித்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகப் போக வேண்டும். யூசிக்கு அதன் கெடு ஜூலை 1.