எர்த் அடிக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம்

கிரைண்டரில் மாவு வழிக்கும்போது கை சுள்ளென்று இழுக்கும். உடனே வீட்டில் யாராவது "எர்த் அடிக்குது, செருப்பைப் போட்டுக்கிட்டு வழி" என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு ரப்பர் செருப்பு பல வருஷம் கிரைண்டர் பக்கத்தில் கிடந்தது. எர்த் யாரையும் அடிக்காது. கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை ஒயர், அதுதான் எர்த், எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மாட்டவே இல்லை, அதனால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வேறு வழி இல்லாமல் ஈரத்தரையில் நிற்கிற நம்மைத் தேடி வருகிறது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாகக் கூசுகிறதே, அதுவும் இதே கதை. அதில் கம்ப்யூட்டர் மேல் தப்பே இருக்காது. பவர் சப்ளையில் இருக்கும் கெபாசிட்டர்கள் இயல்பாகக் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்கும், நமக்குக் கூசும்.

சரி, ஸ்விட்ச் பாக்ஸ்களில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வேலைக்கு வருவோம். முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறோம். மெயினை இறக்கிய அடுத்த நொடியே இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும், ஒரே பாக்ஸில் இரண்டு லைனும் இருக்கும் வீடுகள் ஏராளம். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கையும் உருவிவிட்டு, எரிகிற ஒரு பாயிண்டில் முன்பே சோதித்து வைத்த டெஸ்டரால் பாக்ஸுக்குள் ஒவ்வொரு ஒயரையும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் பக்கம், சீல் வைத்த கட்அவுட் (மெயின் ஃப்யூஸ்) பக்கம் கை வைக்காதீர்கள். டிபிக்குள் (எல்லா லைனும் பிரியும் மெயின் பெட்டி) எதையாவது மாற்ற வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி, அவர் செய்ததைச் சரிபார்க்கத்தான்.

ஸ்விட்ச் பிளேட்டைக் கழற்றினால் உள்ளே இரும்புப் பெட்டியா, பிளாஸ்டிக்கா, பழைய மரப்பெட்டியா என்று தெரிந்துவிடும். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் எர்த் தேவையில்லை, சாக்கெட்டின் எர்த் பின்னுக்கு மட்டும் போதும். இரும்புப் பெட்டி என்றால் பெட்டிக்கும் தனியாக எர்த் கொடுத்தே ஆக வேண்டும். உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து பெட்டியில் பட்டால், பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூ வழியாக அந்தக் கரண்ட் வெளியே வந்து, ஸ்விட்ச் போடும் விரலுக்குக் காத்திருக்கும். பெரும்பாலான இரும்புப் பெட்டிகளில் இதற்கென்றே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. ஆனால் அதன் மேல் பூச்சு வேலைக்காரர் சிமெண்டைப் பூசியிருப்பார், அல்லது துருப் பிடித்திருக்கும். உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்து, பச்சை ஒயர் முனையில் லக் (ஸ்க்ரூவில் மாட்டும் உலோக முனை) போட்டு, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்குங்கள். பிளேட் மாட்டும் ஸ்க்ரூவில் எர்த்தைக் கட்டி முடித்துவிடுவார்கள் சிலர், அது வேண்டாம், அடுத்த தடவை பிளேட்டைக் கழற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும்.

இன்னொரு விஷயம். பச்சை ஒயர் ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று போகும். அதை வெட்டி இரண்டு முனைகளையும் சாக்கெட்டின் பின்னிலேயே செருகிவிட்டால், நாளைக்கு யாராவது அந்த சாக்கெட்டைக் கழற்றும்போது அதற்கப்பால் இருக்கும் எல்லா பாயிண்டுக்கும் எர்த் போய்விடும், எதுவும் அணையாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் வரும் ஒயர், போகும் ஒயர் இரண்டையும் ஒரு கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வால், சாக்கெட்டுக்கு ஒரு வால் எடுங்கள். தடிமன், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயருக்குச் சமமாக இருக்கட்டும், 1.5 ஸ்கொயர் எம்எம் ஃபேஸுக்கு 1.5, ஏசிக்கு 4 ஓடுகிறதென்றால் எர்த்தும் 4. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த ஒரு ஒயரில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள், கேட்டால் "சும்மா இருக்கிற ஒயர்தானே சார்" என்பார்கள்.

பெட்டிக்குள் பச்சை ஒயரே இல்லையென்றால்? பழைய வீடுகளில் சாதாரணம். அங்கே செய்யவே கூடாதது, சாக்கெட்டின் நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரைப் பாலம் போடுவது. டெஸ்டர் எரியாது, ஷாக்கும் அடிக்காது, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ நியூட்ரல் விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் அப்படித்தான், நடுவில் ஒரு பிவிசி துண்டு போட்டிருந்தால் பாத்ரூம் குழாய்க்கே கரண்ட் கொடுத்த மாதிரி ஆகும். சுவருக்குள் இருக்கும் பைப்பில் ஸ்பிரிங் விட்டுப் புது ஒயர் இழுப்பதுதான் வழி. வீடு முழுக்க ஒரே நேரத்தில் முடியாவிட்டால் ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மோட்டார் பாயிண்டுகளுக்கு முதலில் இழுங்கள். மூன்று பின் பிளக்கின் நடுப் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பது, செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து உருவும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக. இரண்டு பின் அடாப்டர் போட்டால் அத்தனையும் வீண்.

எல்லாம் மாட்டியபின், மெயின் அணைந்திருக்கும்போதே, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, டிபியில் பச்சை ஒயர்கள் எல்லாம் சேரும் எர்த் லிங்கிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்ஸாகத் தொட்டுப் பாருங்கள். பீப் வராத இடத்துக்குப் பக்கத்திலேயே தப்பு இருக்கும்.

அடுத்தது வெளியே இருக்கும் எர்த் குழி, வீட்டு எர்த் ஒயர் மண்ணோடு சேரும் இடம். எலக்ட்ரீஷியன்கள் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, நன்றாக எரிந்தால் "எர்த் சூப்பர்" என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அந்தப் பல்பு எரியும்போது அதன் தடையே 500 ஓமுக்கு மேல், எர்த் குழியில் 50 ஓம் இருந்தாலும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒயர் அறுந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் பல்பு எதையும் சொல்லாது. இரண்டு முளை அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரை வரவழைத்து, மண் காய்ந்து கிடக்கும் கத்திரி வெயிலில் அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எல்லாக் குழியும் நல்ல குழிதான். 5 ஓமுக்குள் வந்தால் வீட்டுக்கு நல்லது. வரவில்லையா, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, உப்பும் கரியும் போட்டு இறக்கியிருக்கிறார்களா, தண்ணீர் ஊற்றும் புனல் அடைத்துக்கொண்டதா, மேலே கம்பி கட்டிய போல்ட் துருவேறி உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், கூடவே பைப்பையும் தின்றுவிடும். பாறை நிலமென்றால் மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு பைப் இறக்கி இரண்டையும் சேர்ப்பது பலன் தரும்.

ஆனால் நல்ல குழியும் தனியாகப் போதாது. 5 ஓம் குழி என்றாலே 230-ஐ 5-ஆல் வகுத்தால் அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) உடனே விழ குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும், அதனால் அது சூடாகி மெதுவாக விழும்வரை கிரைண்டர் உடம்பில் கரண்ட் நிற்கும். குழி காய்ந்து 50 ஓம் ஆகிவிட்டால் 4.6 ஆம்பியர், எம்சிபி விழவே விழாது. கரண்ட் பில் மட்டும் ஏறும். பல மின்னணு மீட்டர்களில் எர்த் என்று ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். அது விடாமல் எரிந்தால் இப்படி எங்கோ கசிகிறது, அல்லது பக்கத்து போர்ஷனோடு நியூட்ரல் கலந்திருக்கிறது.

இதற்குத்தான் ஆர்சிசிபி, கசிவைக் கண்டால் தானாக அணையும் ஸ்விட்ச். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். குழி சுமாராக இருந்தாலும் வேலை செய்யும், எர்த் ஒயரே இல்லாத இடத்திலும் ஓரளவு காப்பாற்றும், ஆனால் அங்கே அது விழுவதற்கு முதலில் ஒருவர் உடம்பு வழியாகக் கரண்ட் போக வேண்டும். வாங்கும்போது 30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 100-ம் 300-ம் தீயைத் தடுக்க, ஆளுக்கு அல்ல. ஓவர்லோடை இது பார்க்காது, எம்சிபியும் கூடவே இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

மாட்டிய அன்றே சில வீடுகளில் அது நிற்காமல் விழும், "பீஸ் சரியில்லை" என்று கழற்றி பைபாஸ் பண்ணிவிடுவார்கள். பீஸில் கோளாறு இருப்பது அபூர்வம். எல்லா பிளக்கையும் உருவி ஏற்றுங்கள், அப்போதும் விழுந்தால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரல் கலந்திருக்கிறது, எலக்ட்ரீஷியன் தேட வேண்டும். நின்றால் ஒவ்வொரு பிளக்காகச் செருகுங்கள். எங்கள் வீட்டில் கிரைண்டரைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் விழுந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயரை ஏதோ எலி கடித்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயர் மாற்ற இருபது நிமிஷம் ஆனது. அந்தச் செருப்பு இப்போது மொட்டை மாடிக்கு.