வழக்கில் சிக்கிய வீரரை ஒதுக்கிவைப்பது எப்படி: விளையாட்டுக் கழக நிர்வாகிகளுக்கு

வீரர் கைதான இரவில் அவசரமாகக் கூடி எடுக்கும் முடிவு, பெரும்பாலும் அவருடைய ஆட்டத்திறனையும் விளம்பரதாரரின் முகச்சுளிப்பையும் பொறுத்தே அமைந்துவிடுகிறது. ஆகவே விதியை முன்கூட்டியே எழுதி, ஒப்பந்தத்தில் சேர்த்து, வீரரின் கையொப்பத்தைப் பெற்றுவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் 2019-இல் இத்தகைய விதியைக் கொண்டுவந்தபோது, அதில் ஆடிய ஜாக் டி பெலின் மீது 2018 டிசம்பரிலேயே வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அவர் விதியை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்று தோற்றார். விதி முந்தி வந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திராது என்பது என் எண்ணம்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் ஒதுக்குவது என்பதை வரையறுக்க வேண்டும். அந்த லீக்கின் அளவுகோல் தெளிவானது: அதிகபட்சம் 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டால், வீரர் தானாகவே களத்திலிருந்து விலக்கப்படுவார், அதற்குக் குறைந்தவற்றில் தலைமை நிர்வாகி முடிவெடுக்கலாம். இந்தியாவில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு மட்டுமே என்பதால், குற்றப்பத்திரிகை தாக்கலாவதை எல்லையாகக் கொள்வதே முறை. புகார் கொடுத்தவர் அதே கழகத்தில் பணிபுரிபவர் என்றால் மட்டும், அவருடைய பாதுகாப்பைக் கருதி, அதுவரை காத்திருக்காமல் இருவரும் நேருக்கு நேர் வராதபடி உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒதுக்கிவைப்பது தண்டனையன்று என்று அறிக்கையில் சொன்னால் போதாது. சம்பளத்தில் அது தெரிய வேண்டும். டி பெலினுக்கு முழு ஊதியமும் அணியோடு பயிற்சி செய்யும் உரிமையும் இருந்தன. நீதிமன்றத்தில் இரண்டு நடுவர் குழுக்கள் (ஜூரிகள்) முழுமையான முடிவுக்கு வர இயலாமற்போய், 2021 மே மாதத்தில் எஞ்சிய குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டபோது, அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆட்டத்தை இழந்திருந்தார். அந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது. ஊதியத்தையும் பறித்திருந்தால் இழப்பு இரட்டிப்பாகியிருக்கும். நீதிமன்றங்கள் இன்னும் மெதுவாக நகரும் இடங்களில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவை மறுஆய்வு செய்யும் கடமையையும் விதியிலேயே எழுதுங்கள்.

ஒரே செயலுக்கு இருமுறை தண்டிக்காதீர்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸுக்கு 2014-இல் முதலில் இரண்டு ஆட்டத் தடையும், வருங்கால மனைவியை அவர் தாக்கிய காணொளி வெளியானபின் காலவரையற்ற தடையும் விதிக்கப்பட்டன. இரண்டாவதை, மேல்முறையீட்டை விசாரித்த நடுவர் ரத்து செய்தார்.

விடுதலையான பின் நடப்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸை நீதிமன்றம் 2018-இல் விடுவித்த பிறகும், அந்நாட்டின் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் 8 ஆட்டத் தடை விதித்தது. ஆனால் அவர் ஏற்கெனவே தவறவிட்ட ஆட்டங்களை அதில் கழித்துக்கொண்டது. 2022 நவம்பரில் சிட்னியில் கைதான தனுஷ்க குணதிலக்கவை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் உடனே இடைநிறுத்தியது. 2023 செப்டம்பரில் அவர் விடுதலையானதும், அடுத்த மாதம் தடை நீங்கியது. உங்கள் விதியில் தடையை நீக்குபவர் யார், தீர்ப்பு வந்து எத்தனை நாளுக்குள் நீக்க வேண்டும் என்பவை பெயரோடும் எண்ணோடும் இருக்கட்டும்.