சாய்ந்த சீகையில் கிண்ணம் கடைய

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைக் கடந்தபோது சாய்ந்தது போல மரங்கள் விழுந்தால், எல்லாவற்றையும் விறகாக்க வேண்டியதில்லை. சீகையில் (வாட்டில் மரம்) கடைசல் எந்திரம் வைத்துக் கிண்ணம் கடையலாம். பட்டா நிலத்து மரமானாலும் வனத்துறை அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே அறுக்கும் வாளை எடுங்கள். வேரோடு சாய்ந்ததை அடியில் அறுத்தால் வேர்க்கட்டி விருட்டென்று நிமிரும். அந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது.

அறுத்த அன்றே இரு முனையிலும் உருக்கிய மெழுகு பூசுங்கள். ஈரம் அங்கேதான் வேகமாக வெளியேறும், முதல் வெடிப்பும் அங்கேதான். பிறகு துண்டை நெடுக்காகப் பிளந்து நடு மையத்தை நீக்குங்கள். விட்டுவைத்தால் பிளவு நிச்சயம். தைல மரம் இதில் படுமோசம், பழகும்வரை தொடாதீர்கள்.

ஈரம் காயுமுன் பச்சையாகவே முதலில் தடிமனாகக் கடையுங்கள். சுவர்க் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். கடைந்த சுருளோடு காகிதப் பையில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. மூடுபனிக் காலத்தில் மாதக்கணக்காகும். மலையில் காய்ந்தது அடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில் மேலும் சுருங்கும். ஆகவே கீழே விற்பதைச் சில வாரம் கீழேயே வைத்திருந்து இறுதியாகக் கடையுங்கள்.

விற்ற பணம் மகளிர் குழுக் கணக்கில் ஏறட்டும். கூரை போன வீடுகளுக்கு முதல் தவணை.