பழைய கன்சோல், புது டிவி: நடுவில் எந்தப் பெட்டி?

சூப்பர் நிண்டெண்டோவையோ மெகா டிரைவையோ இன்றைய டிவியில் செருகினால் படம் மங்கலாக வரும், ஓரமெல்லாம் பல்பல்லாகத் தெரியும். கன்சோல் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் டிவி சிக்னலைத் தப்பாகப் படிப்பதுதான் காரணம்.

1980, 90களின் கன்சோல்களில் பெரும்பாலானவை அனுப்புவது 240பி (240p). அதாவது நொடிக்கு ஏறத்தாழ 60 முழுப் படம், ஒவ்வொன்றிலும் 240 வரி. அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி (NTSC) முறையில் அக்கால ஒளிபரப்போ 480ஐ (480i): ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை. பிக்சர் டியூப் டிவி இரண்டையும் பேதமில்லாமல் வரைந்துவிடும். புது டிவிகள் பலவும் 240பியை 480ஐ என்றே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னப் பார்க்கும். இதன் விளைவு எங்கே தெரியும் என்றால், ஹீரோ அடிவாங்கி மின்னும் இடத்தில். ஒரு படம் விட்டு ஒரு படம் வரைந்துதான் கேம் அந்த மின்னலைக் காட்டுகிறது. பின்னிய பிறகு ஹீரோ ஒரேயடியாக மறைந்துபோவார், இல்லையென்றால் சீப்பால் வாரியது போலக் கோடுகோடாக நிற்பார்.

முதலில் கேபிள், பிறகுதான் பெட்டி

விலை உயர்ந்த பெட்டி வாங்கி அதில் மஞ்சள் கேபிளைச் செருகுவதில் பெரிய லாபம் இல்லை. உங்கள் கன்சோல் தரக்கூடிய நல்ல சிக்னல் எது என்று முதலில் பாருங்கள். தர வரிசை இது: ஆர்எஃப் (ஆன்டெனா வயர்) கடைசி, அதற்கு மேல் மஞ்சள் கம்போசிட், அதற்கு மேல் எஸ்-வீடியோ (வெளிச்சமும் நிறமும் தனித்தனி வயரில்), உச்சியில் ஆர்ஜிபியும் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) கம்போனென்ட்டும் (பச்சை, நீல, சிவப்பு என மூன்று பிளக்).

நிண்டெண்டோ என்இஎஸ்ஸில் (NES) ஆர்எஃப், கம்போசிட் தவிர வேறில்லை; ஆர்ஜிபி வேண்டுமென்றால் உள்ளே சால்டரிங் செய்தாக வேண்டும். சூப்பர் நிண்டெண்டோவின் பெரிய மாடல் ஆர்ஜிபியே தரும். நிண்டெண்டோ 64இல் எஸ்-வீடியோவோடு திருப்திப்பட வேண்டியதுதான். மெகா டிரைவில் எஸ்-வீடியோ இல்லை, ஆனால் ஆர்ஜிபி உண்டு. முதல் மாடலுக்கு 8 பின் பிளக், இரண்டாவதற்கு 9 பின், ஒன்று மற்றதில் ஏறாது. பிளேஸ்டேஷன் 1 ஆர்ஜிபி தரும். பிளேஸ்டேஷன் 2 கம்போனென்ட்டும் தரும். நிண்டெண்டோ வீயில் (Wii) கம்போனென்ட் வழியே 480பி. ட்ரீம்காஸ்ட்டுக்கு விஜிஏ கேபிள் போட்டால் பெரும்பாலான கேம்கள் 480பியில் ஓடும்.

சூப்பர் நிண்டெண்டோ ஆர்ஜிபி கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. என்டிஎஸ்சி மாடலுக்கான கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். பால் (PAL, ஐரோப்பிய முறை) மாடலுக்கு அதற்குப் பதில் 75 ஓம் ரெசிஸ்டர். மாற்றிப் போட்டால் படத்தின் வெளிச்ச அளவு கெடும். அதைவிட ஆபத்தானது ஜப்பானிய 21 பின் ஆர்ஜிபி கேபிள். பார்வைக்கு ஐரோப்பிய ஸ்கார்ட் (அகலமான 21 பின் டிவி பிளக்) போலவே இருந்தாலும் உள்ளே வயர் அமைப்பு வேறு. தப்பாகச் செருகினால் கருவியே போய்விடும். வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் வைக்கும் பெட்டி

மலிவான ஏவி–எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் மஞ்சள் கேபிளை எடுத்துக்கொள்ளும். படம் வரும், அவ்வளவே. 240பியை 480ஐயாகவே நினைக்கும், படத்தை 16:9க்கு இழுத்துவிடும். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் எதிர்த்திசைப் பெட்டியும் இதே தோற்றத்தில்தான் இருக்கும், அம்புக்குறியைப் பாருங்கள். மலிவான ஸ்கார்ட்–எச்டிஎம்ஐ பெட்டிகள் பலவற்றிலும் ஸ்கார்ட்டுக்குள் இருக்கும் கம்போசிட் பின் மட்டுமே படிக்கப்படும், ஆர்ஜிபி வீணாகும்.

ஓஎஸ்எஸ்சி (OSSC) என்ற பெட்டி வேறு வகை. படத்தைச் சேமித்து வைக்காமல் ஒவ்வொரு வரியையும் அப்படியே 2 முதல் 5 மடங்காக்கி அனுப்பும், ஆகவே தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஸ்கார்ட், கம்போனென்ட், விஜிஏ எடுக்கும். கம்போசிட்டும் எஸ்-வீடியோவும் எடுக்காது. ஸ்கார்ட்டை ஏவி1இல் செருகி, ரிமோட்டில் ஆர்ஜிபிஎஸ் தேர்ந்தெடுங்கள். சிக்னல் பிடிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளின் சிங்க் வயரை (வரிகளை நேரப்படி அடுக்க உதவும் சிக்னல்). 2 மடங்கில் தொடங்குங்கள்: அது 480பி, ஏறக்குறைய எல்லா டிவியும் ஏற்கும். 3 மடங்கு 720பி, 4 மடங்கு 960பி. 5 மடங்கை எல்லா டிவியும் ஏற்காது. 1.6க்கு முந்தைய ஓஎஸ்எஸ்சியில் எச்டிஎம்ஐ வழியே ஒலி வராது என்பதையும் கவனியுங்கள்.

டிவி அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. முறைப்படி நொடிக்கு 59.94 படம் வர வேண்டும். என்டிஎஸ்சி சூப்பர் நிண்டெண்டோ அனுப்புவதோ ஏறத்தாழ 60.1. ஓஎஸ்எஸ்சி அந்தக் கணக்கை மாற்றாமல் கடத்துகிறது. ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற, படத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி அதைச் சீராக்கி 1080பியாகத் தரும். கம்போசிட், எஸ்-வீடியோவும் ஏற்கும். பிளேஸ்டேஷன் 1இல் விளையாட்டு 240பியிலும் மெனு 480ஐயிலும் ஓடும் கேம்கள் உண்டு. ஓஎஸ்எஸ்சியில் மாறும் ஒவ்வொரு தடவையும் திரை சில நொடி கறுத்துப்போகும். அந்த வகைக் கேம்கள்தான் அதிகம் என்றால் கூடுதல் விலை கொடுத்துச் சேமிக்கும் பெட்டியையே வாங்கலாம்.

டிவியில் செய்ய வேண்டியவை

கேம் மோடு ஆன். ஒரு படம் என்பது 16.7 மில்லிசெகண்ட், கேம் மோடு இல்லாமல் பல டிவிகள் நாலைந்து படம் தாமதிக்கும், தாண்ட வேண்டிய பள்ளத்தில் விழுவீர்கள். மோஷன் ஸ்மூத்திங்கை (நடுவில் படங்களை உருவாக்கிச் சேர்ப்பது) அணையுங்கள். படவிகிதம் 4:3. ஓவர்ஸ்கேனை (படத்தின் ஓரத்தை வெட்டுவது) நிறுத்துங்கள், டிவியைப் பொறுத்து ஜஸ்ட் ஸ்கேன், 1:1 என்று பெயர் மாறும்.

படம் சரியில்லை என்றால்

கம்போனென்ட் செருகியும் கறுப்பு-வெள்ளையாகத் தெரிந்தால், டிவி பச்சைச் சாக்கெட்டை கம்போசிட்டாகப் படிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சாக்கெட் வைத்த டிவிகளில் இது சகஜம். இன்புட் மெனுவில் கம்போனென்ட் என்று மாற்றுங்கள். பிளேஸ்டேஷன் 2இல் நிறம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கெட்டிருந்தால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் கம்போனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபியில் நிற்கிறது. மஞ்சள் கேபிளில் மெனுவைத் திறந்து மாற்றிவிட்டு, பிறகு கம்போனென்ட்டைச் செருகுவதே எளிது. வீயில் அமைப்புகளுக்குள் டிவி ரெசல்யூஷனை 480பி ஆக்காத வரை 480ஐதான் வரும். ஒலியில் இரைச்சல் கேட்டால், அதுவும் திரை வெளுக்கும்போது கூடினால், ஷீல்டு இல்லாத கேபிள்தான் காரணம்.

ஆர்ஜிபி எப்போதும் அழகு என்றும் சொல்ல முடியாது. 1991இல் வந்த சோனிக் ஹெட்ஜ்ஹாக்கின் அருவிகள் செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டவை. கம்போசிட்டின் மங்கலில் அவை கலந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரியும், ஆர்ஜிபியில் வெறும் கோடுகளே.

லைட் கன் (திரையைச் சுடும் கேம் துப்பாக்கி) மட்டும் எந்தப் பெட்டி வைத்தாலும் வேலை செய்யாது. அது பிக்சர் டியூப் திரை மின்னும் நேரத்தை நம்பியது. அந்த கேம்களுக்காகப் பழைய டிவி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.