மினி பிசியில் இரண்டாவது மானிட்டர்: கேபிள் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் என் மைனி (அண்ணி) ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கிறார். கோட்டயம் ரப்பர் விலையையும் டாலி கணக்கு மென்பொருளையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பதில், ஆர்எஸ்எஸ் 4 ரக ஷீட்டின் விலை ஆர்எஸ்எஸ் 5 ரகத்தின் வரிசையில் ஏறிவிடும். அதனால் போன வாரம் அவருடைய மினி பிசியில் (கைக்கடக்கமான சின்னக் கணினிப் பெட்டி) இன்னொரு மானிட்டரையும் மாட்டிக் கொடுத்தேன். நீங்களும் செய்யலாம், பெரிய வேலை இல்லை.

முதலில் பெட்டியைத் திருப்பி, டார்ச் அடித்து, கேபிள் செருகும் போர்ட் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட் கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்து ஒடுங்கியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டிவிட்டதுபோல் இருக்கும். சி டைப் போர்ட் இருந்தாலே படம் வந்துவிடாது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ள சி டைப்தானா என்று மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்டெல் என்100 சிப் 3 திரை வரை தாங்கும், ஆனால் பெட்டியில் 2 போர்ட்தான் வைத்திருந்தால் கணக்கு 2 தான்.

அப்புறம் மானிட்டரின் பின்பக்கம். இங்கேதான் நான் அரை நாளை விட்டேன். மினி பிசியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் அதற்கான கேபிள் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதே கேபிளைத் திருப்பி, எச்டிஎம்ஐ முனையைக் கணினியிலும் மற்றதை மானிட்டரிலும் செருகினால் படம் வராது. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கடையில் கேட்கும்போது “கணினிப் பக்கம் இது, மானிட்டர் பக்கம் இது” என்று சொல்லியே வாங்குங்கள். நீல நிற விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு வெறும் கேபிள் போதாது, கன்வர்ட்டர் வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழற்றும்போது தலையில் உள்ள சின்னப் பட்டனை அழுத்திக்கொண்டே உருவ வேண்டும். பலவந்தமாக இழுத்தால் போர்ட் போய்விடும்.

சரி, கணினியை ஆன் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே படம் வந்தால் விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். ‘நோ சிக்னல்’ என்று வந்தால் மானிட்டர் பட்டனில் இன்புட்டை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. ‘ஐடென்டிஃபை’ கொடுத்தால் திரைகளில் 1, 2 என்று எண் தெரியும். மேஜையில் எது இடப்பக்கம் இருக்கிறதோ அந்தக் கட்டத்தை இடப்பக்கம் இழுத்து வையுங்கள். இதை விட்டுவிட்டால் மவுஸ் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்து பொடியாக இருந்தால் ‘ஸ்கேல்’ 125 சதவீதம் வையுங்கள், கண்ணுக்கு நல்லது.

நம்ம ஊரில் ஐப்பசியில் இடி கடுமையாக இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மினி பிசி, இரண்டு மானிட்டர் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு குறுக்குவழி: விண்டோஸ், ஷிப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் அடுத்த திரைக்குப் போய்விடும். ஒரு தடவை காட்டியதுமே மைனி பிடித்துக்கொண்டார். இப்போது காலையில் விலைப் பக்கத்தை இடப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் டாலியைத் திறக்கிறார்.